பொம்மையைக் கட்டியவர்களும் இழுத்துப் போனவரும்

போன வாரம் வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் வாங்க வரிசையில் நின்றபோது பாஸ்டன் ஞாபகம் வந்தது. அமெரிக்கப் புரட்சி என்றாலே 1773இல் கடலில் கொட்டிய தேயிலையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு எட்டு வருடம் முன்பே முத்திரைத்தாளுக்காக ஊர் கொந்தளித்திருந்தது.

பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்குக் கழுத்தளவு கடன். தன் அமெரிக்கக் காலனிகளில் நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களே கட்டட்டும் என்று 1765 மார்ச்சில் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், எதையும் விடவில்லை. சீட்டுக்கட்டுக்குக்கூட ஒரு ஷில்லிங். வரி போட்ட நாடாளுமன்றத்திலோ அவர்களுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது.

பாஸ்டனில் ஒன்பது பேர் ரகசியமாகக் கூடினார்கள். 'லாயல் நைன்' என்று பெயர். சாராய ஆலைக்காரர், பித்தளை வேலைக்காரர், நகைக்காரர், பெயிண்டர், பத்திரிகை அச்சிடுபவர் என்று எல்லோரும் நடுத்தர வசதிக்காரர்கள். கூடும் இடம் ஒரு சாராய ஆலையின் கணக்கறை. 1766 ஜனவரியில் அங்கே போய்வந்த, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், அது ரொம்பச் சின்ன அறை என்றும், ஒயின், புகையிலை, பிஸ்கட், சீஸ் கொடுத்தார்கள் என்றும் டைரியில் எழுதியிருக்கிறார். சதித்திட்டம் எதுவும் காதில் விழவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஆடம்ஸ் வக்கீல் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த ஒன்பது பேரும் தெருவில் இறங்கவில்லை. இறங்கியவர் எபனேசர் மேகின்டாஷ், செருப்புத் தைப்பவர், ஊரின் தென்பகுதிக் கும்பலுக்குத் தலைவர். வருடா வருடம் நவம்பர் 5 அன்று போப் பொம்மையை ஊர்வலமாக இழுத்துப் போய், வடபகுதிக் கும்பலோடு மண்டையை உடைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பொம்மை கட்டவும் எரிக்கவும் பழகிய கைகள்.

1765 ஆகஸ்ட் 14 காலையில், ஆலைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய எல்ம் மரத்தில் முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவப்பொம்மை தொங்கியது. பக்கத்தில் ஒரு பூட்ஸ், உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சாத்தான். முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் ப்யூட் பிரபுவின் பெயரை வைத்துச் செய்த கேலி அது. இறக்கப் போன ஷெரிப்பின் ஆட்கள் உயிருக்குப் பயந்து கைவிட்டார்கள். இரவில் ஆலிவரின் புதுக் கட்டடம் தரைமட்டமானது. பொம்மை ஃபோர்ட் ஹில்லில் எரிந்தது. மறுநாளே ஆலிவர் பதவி வேண்டாம் என்றார்.

அதோடு நின்றிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் ஹட்சின்சனின் வீட்டைச் சூறையாடினார்கள். பல வருடமாக அவர் சேர்த்த வரலாற்றுக் கையெழுத்துப் பிரதிகள் தெருச் சேற்றில் கிடந்தன. இத்தனைக்கும் அந்த மனிதருக்கே முத்திரைச் சட்டத்தில் உடன்பாடு கிடையாது. அந்த ராத்திரிக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது.

கைதானது யார்? மேகின்டாஷ்தான். கும்பலுக்குப் பயந்து உடனே விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

எனக்கு உறுத்துவது வேறு. டிசம்பர் 17 அன்று ஆலிவரை மழையில் அதே மரத்தடிக்கு வரவழைத்து மறுபடியும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒன்பது பேரில் ஒருவரான ஹென்றி பாஸ் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார்: இது எங்கள் வேலை என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம், எல்லாப் பெருமையும் மேகின்டாஷுக்குப் போவதில் எங்களுக்குச் சந்தோஷமே. பெருமையாம்! பிரிட்டிஷ் அரசின் பார்வையில் அது தூக்குக்கயிறு அல்லவா?

1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. அப்புறம் மேகின்டாஷ் கடனாளிகள் சிறைக்குப் போனார், பிறகு ஊரைவிட்டே போய் நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறினார். 1776 ஜூலை 18 அன்று பாஸ்டன் அரசு மாளிகையின் மாடத்தில் நின்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தவர் கர்னல் தாமஸ் கிராஃப்ட்ஸ். ஒன்பது பேரில் இருந்த அந்தப் பெயிண்டர்.