ஒயின் படிப்பு வடசென்னைப் பிள்ளைகளுக்கும்தான்

தொண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் கேட்டரிங் முடித்துவிட்டு ஒயின் படிக்க ஆசைப்படுகிறான் என்று ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு, "குடிக்கவா படிப்பு?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். குடியால் குடும்பங்கள் சீரழிவதைத் தினமும் பார்க்கிற நம் பக்கத்தில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வகுப்பில் ஒயினை ருசி பார்த்ததும் துப்பிவிடுவதுதான் வழக்கம். நிறம், வாசனை, புளிப்பு, துவர்ப்பு என்று முறைப்படி எழுதிவைப்பதுதான் பாடம்.

லண்டனில் 1969-ல் தொடங்கிய, ஒயின் படிப்பு நடத்தும் டபிள்யூ.எஸ்.இ.டி. (Wine & Spirit Education Trust) அமைப்பின் சான்றிதழுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. நான்கு நிலைகள். ஓட்டல் அனுபவம் இருந்தால் நேராக இரண்டாம் நிலையில் சேரலாம். கட்டணம் அதிகம், தயவுசெய்து வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். முதலில் நல்ல ஓட்டலில் சர்வீஸ் வேலைக்குச் சேரட்டும், அப்புறம் படிக்கட்டும். வெறும் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. நட்சத்திர ஓட்டல், சொகுசுக் கப்பல், இறக்குமதி நிறுவனம், நாசிக்கில் இருக்கும் ஒயின் தயாரிப்பு ஆலைகள் என்று வழிகள் இருக்கின்றன. 2016-ல் ஒயின் துறையின் உயரிய பட்டமான மாஸ்டர் ஆஃப் ஒயினை இந்தியாவிலேயே முதலில் பெற்ற சோனல் ஹாலண்ட் ஒரு பெண் என்பதையும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூக்கைப் பழக்கப் பெரிய செலவில்லை. பாடத்தில் வரும் பிளாக்கரன்ட் பழத்தின் வாசனை நமக்குப் பழக்கமில்லை, சரி. ஆனால் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை தருகிற ரொட்டன்டோன் என்ற வேதிப்பொருள்தான் மிளகிலும் இருக்கிறது. ஒயினை வைத்திருக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து கிராம்பு வாசனை வரும். கொத்தவால்சாவடியில் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லப் பழகட்டும்.