கொட்டாவி விட்டால் சோம்பேறியா?

போன வியாழக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பதினான்கு பெண்கள் வரிசையாக நின்று குந்தி எழும்பும் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். பன்னிரண்டாவது தடவை எழும்பும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. அன்றைக்கு அது மூன்றாவது. பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தேன். அது அடங்குகிற சாமான் இல்லை என்பது பட்டவர்களுக்குத் தெரியும். காதுக்கு முன்னால் தாடை இழுக்கும், காது அடைக்கும், கண்ணில் நீர் கட்டும். அந்த ஐந்தாறு விநாடிக்குத் தொடையில் இருந்த பலம் எங்கே போகிறது என்றே தெரியாது.

பயிற்சி தருகிற தம்பி பாட்டை நிறுத்தினார். "டீச்சர், தூக்கம் வந்தா வீட்டுல போய்ப் படுங்க. ஒங்களப் பாத்து மத்தவங்களுக்கும் சோம்பல் வருது" என்றார்.

பதின்மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் நாலு பேர் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் ஒன்றும் பேசாமல் திரும்பவும் குந்தினேன். இன்றுவரை அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. அன்றைக்குச் சொல்லாததை எல்லாம் இப்போது சொல்லப்போகிறேன்.

சோம்பேறியா நான்? காலை நாலேகாலுக்கு எழும்புகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, வளைவுகளில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தலவாக்கலைப் பக்கம் போய்ச் சேருகிறேன். ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகிறது. ஒன்றரைக்கு விட்டபிறகு புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு. வீட்டுக்கு வர நாலு மணி. உடுப்பை மாற்றிக்கொண்டு, முதுகுவலிக்கு நல்லது என்று சொன்னதால் ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு ஓடுகிறேன். அண்மைவரை இரவு படுக்கப் பதினொரு மணி ஆகிவிடும். ஐந்தேகால் மணித்தியாலத் தூக்கம். வளர்ந்த மனிதருக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும் என்கிறார்கள். கணக்குப் படிப்பிக்கிறவள் நான், ஒரு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் கடன் ஏறுகிறது என்று எனக்குக் கூட்டத் தெரியும். அந்தக் கடனை உடம்பு எங்கே வந்து கேட்கும்? எங்கே கொஞ்சம் இடம் கிடைக்கிறதோ அங்கேதான் கேட்கும். பாடசாலையில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் உடம்புக்கு இடமில்லை. பாட்டுக்கு ஏற்ப ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது இடம் கிடைத்துவிடுகிறது.

இதைச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வருகிறார்கள். "மலையில ஒக்சிஜன் கொறவு, அதான்" என்பது அந்தத் தம்பியின் கண்டுபிடிப்பு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான், அது உண்மை. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அதுவும் உண்மை. நான் இங்கேயே பிறந்து, இந்தப் படிகளில் ஏறி இறங்கியே நாற்பது வயதை நெருங்குகிறவள். என் இரத்தத்துக்கு இந்தக் காற்று பழகிய காற்று.

கொட்டாவி வருவது ஒக்சிஜன் போதாமல்தான் என்ற கதையே சரியில்லை என்று காட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. அமெரிக்காவில் ரொபர்ட் புரொவைன் என்கிற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1987 இல் மாணவர்களைச் சுத்தமான ஒக்சிஜனைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள், கொட்டாவி குறையவில்லை. காபனீரொட்சைட்டைக் கூட்டிக் கொடுத்தார்கள், மூச்சு வேகமானது, கொட்டாவி கூடவில்லை. உடற்பயிற்சியும் செய்ய வைத்தார்கள், அதிலும் மூச்சுதான் கூடியது. சூடேறும் மூளையைக் குளிரவைக்கத்தான் கொட்டாவி என்று அண்ட்ரூ கலப் என்பவர் 2007 இலிருந்து சொல்லி வருகிறார். அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் விவாதம் இன்னும் ஓடுகிறது. ஒன்று மட்டும் தெளிவு. வாய் திறந்ததைப் பார்த்து ஆளின் குணத்தை அளக்க முடியாது. பனித்தளத்தில் சறுக்கி ஓடும் பந்தயங்களில் 8 ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அமெரிக்க வீரர் அப்போலோ ஓனோ, பந்தயத்துக்கு முன்னால் வரிசையாகக் கொட்டாவி விடுவார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவரை யாரும் வீட்டில் போய்ப் படுக்கச் சொல்லவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுகூடக் கொட்டாவி விடுகிறது, ஸ்கேனில் தெரியும். அது எந்த வேலைக்குச் சோம்பிக்கொண்டு விடுகிறது?

ஒருவரைப் பார்த்து மற்றவருக்குக் கொட்டாவி தொற்றும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரு மனுஷியை ஊருக்கு முன்னால் கூனிக்குறுக வைக்க வேண்டுமா?

மாமியார் வேறு வழியில் போனார். கண்ணூறு என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துச் சுற்றினார். சுற்றும்போது அவருக்கே இரண்டு கொட்டாவி வந்தது, "பாத்தியா, எவ்வளவு பட்டிருக்கு" என்று அடுப்பில் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அக்கறையோடு ஏதோ ஒன்றையாவது செய்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

என் கோபமெல்லாம் நான் முதலில் வைத்தியம் பார்க்கப் போன இடத்தின்மேல்தான். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால், அரை நாள் லீவு போட்டு, இரண்டு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்து உள்ளே போனேன். "எக்ஸசைஸ் செய்யும்போது தூக்கம் தூக்கமா வருது, கொட்டாவி நிக்குதில்ல" என்றேன். டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்ட்ரெஸ். ஒழுங்கா எக்ஸசைஸ் செய்ங்க, சரியாயிரும்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். எக்ஸசைஸ் செய்யும்போதுதான் வருகிறது என்று இப்போதுதானே சொன்னேன்! காது என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு விரல் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு மாதம் கழித்து, கூட வேலை செய்கிற ஒரு டீச்சரின் கட்டாயத்தில் வேறொரு டொக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் செய்த வேலை, என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தது. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்ததாம். அப்புறம் கேள்விகள். எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், குறட்டை விடுவதாக யாராவது சொன்னார்களா, மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகும், தடிமனுக்கு அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை போடுகிற பழக்கமா. இங்கே குளிருக்கு மூக்கு ஒழுகினால் எல்லோரும் அதைத்தான் வாங்கி விழுங்குகிறோம், குளோர்பெனிரமின், போட்டால் தூக்கம் சுழற்றி அடிக்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் ஆளைச் சோர வைக்குமாம், மனச்சோர்வுக்குத் தருகிற சில மாத்திரைகள் கொட்டாவியையே கூட்டுமாம். தைரொயிட் பற்றியும் கேட்டார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"பச்சரிசிய அள்ளித் திங்கணும்னு தோணுமா?"

எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. சுளகில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடி வாயில் போட்டு நறநற என்று மெல்லுவார். நாங்கள் கேலி செய்வோம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படித் தின்னத் தோன்றும் என்று டொக்டரம்மா சொன்னபோது எனக்குக் கையெல்லாம் குளிர்ந்துவிட்டது.

என் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். ஒக்சிஜனைச் சுமக்கிற சாமானே குறைந்து கிடக்கும் உடம்பை வைத்துக்கொண்டு குந்தி எழும்பினால் அது சோர்ந்துபோய்த் தூக்கத்துக்குக் கெஞ்சாமல் என்ன செய்யும்?

என்ன சாப்பிடுவீர்கள் என்றார். சொன்னேன். காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி. பகல் சோறு, பருப்பு, கீரை, பிறகு சாயத்தண்ணி. பின்னேரம் சாயத்தண்ணி. சாயத்தில் இருக்கும் டெனின், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துவைத்து, உடம்பில் சேரவிடாமல் செய்துவிடுமாம். சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டுமாம். சோற்றோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேருமாம். இவ்வளவுதான் விஷயம்! இதற்கு மருந்துச் செலவுகூட இல்லை. 1867 இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்ட காலத்திலிருந்து இந்த மலைகளில் நாங்கள் கொழுந்து கிள்ளுகிறோம், கிள்ளியதில் மிஞ்சும் தூளைச் சாயமாக்கி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளுகிற மாதிரி குடித்து வளர்ந்திருக்கிறோம். "சாப்பாட்டோட குடிக்காதீங்க" என்ற ஒரு வரியை எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து யாரும் சொன்னதில்லை. நான் பட்டதாரி ஆசிரியை, எனக்கே நாற்பதை நெருங்கும்போதுதான் தெரிகிறது.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. பாடசாலை லீவு. அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி வெயில். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு, இரண்டு கையும் கொழுந்தில். அம்மா நிரையில் நின்றபடியே கொட்டாவி விட்டார். ஒன்று, உடனே இன்னொன்று. வாய்க்கு முன்னால் சொடக்குப் போடக்கூடக் கை ஓயவில்லை. கங்காணி மேலே பாதையிலிருந்து கத்தினார். "என்னாடி வாயத் தொறந்துகிட்டு நிக்கிற, ராத்திரி தூங்கலியா? சோம்பேறிக் கழுத!" நிரையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் நிறுவையில், எடுக்க வேண்டிய 18 கிலோவுக்கு இரண்டு கிலோ குறைவு. அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான்.

நாள் முழுவதும் செங்குத்து மலையில் சுமையோடு ஏறி இறங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய உடற்பயிற்சி உலகத்தில் உண்டா? அந்த உடம்பு கொட்டாவி விட்டால் அதற்குப் பெயர் சோம்பலா? நாலு பிள்ளை பெற்று, இரும்பெல்லாம் வற்றிப்போன உடம்பு அது. யாரும் இமையை இழுத்துப் பார்க்கவில்லை. கூலியில் பாதியைத்தான் வெட்டினார்கள்.

அந்தத் தம்பி பாட்டை நிறுத்தியபோது எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும் இல்லை. அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

மாத்திரை தொடங்கி ஐந்து கிழமை ஆகிறது. காலையில் வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு. வயிறு கொஞ்சம் புரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஹீமோகுளோபின் ஏறினாலும் அதோடு நிறுத்தக் கூடாது, சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது விழுங்க வேண்டும். படுக்கும் நேரத்தைப் பத்து மணிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொட்டாவி குறைந்திருக்கிறது, இன்னும் முழுசாக நிற்கவில்லை. இதே மாதிரி அவதிப்படுகிற அக்கா, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். தூக்கத்தையும் சாப்பாட்டையும் சரி பண்ணியும் நிற்காவிட்டால் போய் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். கொட்டாவியோடு நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ, மூச்சு முட்டினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 61 வயதில் முதல் தடவையாக அவருக்கு ஹீமோகுளோபின் என்றால் என்ன என்று ஒருவர் விளக்கிச் சொன்னார். 8.1. இந்த வயதில் இரும்பு குறைந்தால் உள்ளே எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும் என்று வேறு சோதனைகளுக்கும் எழுதியிருக்கிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. கொட்டகலை தாண்டியதும், "அப்ப அன்னைக்கு நான் சும்மா நிக்கலதானே" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி, வருகிற வியாழக்கிழமையும் நான் வருவேன், முன்வரிசையில்தான் நிற்பேன். கொட்டாவி வந்தால் விடுவேன். நீங்கள் பாட்டை நிறுத்த வேண்டாம்.