"நான் சும்மாதான் இருந்தேன்"

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு தடாவிலிருந்து பழவேற்காடு போயிருந்தேன். ஏரியில் பெரும்பகுதி எங்கள் ஆந்திரப் பக்கம், ஊர் தமிழ்நாட்டுப் பக்கம். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்க எதுக்கு சித்தி இங்க வந்தாங்க?" என்று கேட்டாள். துணிக்காக என்றேன். "யாரு நெய்த துணி?" நெசவாளர்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பாதிப் பதில்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஆயா திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்காரி. விடியுமுன் ராட்டை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை விரல்களுக்கு நடுவே இழை ஓடி, சிட்டமாக, அதாவது சுருளாக வந்த நூல், தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் ஏறும். ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் ஒரு கோடே விழுந்திருந்தது. உப்புத் தண்ணி பட்டால் அந்த இடம் எரியும் என்பாள். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவதிலும், அறுந்த இழையை முடிவதிலும் அவள் கை இருக்கும். தாத்தா தறியிலிருந்து "தார்" என்று குரல் கொடுத்தால், நூல் சுற்றிய குச்சி அடுத்த நொடி அவர் கைக்குப் போயாக வேண்டும். "நீயும் நெய்வியா ஆயா?" என்று ஒருநாள் கேட்டேன். "நான் எங்கடி நெய்தேன்? உங்க தாத்தா நெய்தாரு. நான் சும்மாதான் இருந்தேன்."

அதே 'சும்மா'தான் பழவேற்காட்டின் கதையிலும் இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும், இங்கிருந்து கப்பலேறிய துணியைக் கொடுத்துக் கிழக்கே தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கியதும் எல்லாரும் சொல்கிற விஷயம். மலாய் பேசுகிற நாடுகளில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'பெலெகாட்' என்று நம் ஊர்ப் பெயர்தான். சரி, அந்தத் துணிக்கு நூல் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு மில் கிடையாது. நூற்றது பெண்கள். ஒரு தறிக்குத் தீனி போடப் பல ராட்டைகள் சுற்ற வேண்டும். கணவனை இழந்தவர்களுக்குப் பல இடங்களில் அதுதான் கஞ்சி ஊற்றிய தொழில். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மில் நூல் வந்து இறங்கியபோது முதலில் நின்றது தறி இல்லை, ராட்டை. நெசவாளர் வீழ்ச்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, வீட்டுத் திண்ணையில் வருமானம் போன இந்தப் பெண்களுக்கு எத்தனை வரி கொடுத்தோம்? இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இன்னொரு விஷயம். இந்தக் கரையிலிருந்து போன கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜீரியாவில் கலபாரி இனப் பெண்கள் அதை அப்படியே கட்டிக்கொள்ளவில்லை. சில இழைகளை மட்டும் அறுத்து, உருவி எடுத்து, அதே துணியில் புதுக் கோலத்தைக் கொண்டுவந்தார்கள். அதைப் பெண்களின் கலை என்றே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இழையை எடுத்தவர்கள் கலைஞர்கள் என்றால், அந்த இழையை நூற்றவர்கள் யார்?

பழவேற்காட்டு முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பனையோலைப் பெட்டி பின்னுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குருத்தோலையை நரம்பு நீக்கி, மெல்லிசாக வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அந்த அக்கா என்னோடு பேசிக்கொண்டே, கையைக் கீழே பார்க்காமல், நான்கு நிறத்தில் மூடி பின்னினார். ஒரு இடத்திலும் கட்டம் தப்பவில்லை. எங்கே படித்தீர்கள் என்றேன். "படிக்கிறதா? அம்மா செய்வாங்க, நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சம் பேர். அதில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். எங்கள் ஆயா இருந்திருந்தால் அவளையும் எண்ணியிருப்பார்களா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவளே தன்னை எண்ணிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஆரணிக்குப் போகிறேன். ஆயாவோடு தார் சுற்றியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், எண்பது தாண்டியவர்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு, அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்கப் போகிறேன். கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, ஆரணிப் பக்கம் உங்கள் வீட்டிலும் யாராவது நூல் சுற்றியிருந்தால் கீழே எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள்.