வெட்டியது பைன் இல்லை, தேவதாரு

ஒருவர், ‘1860களில் ரயில் ஸ்லீப்பர் கட்டைக்காக இமயமலையின் பைன் காடுகளை அழித்தார்கள்’ என்று எழுதியிருக்கிறார். (ஸ்லீப்பர் என்பது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை.) காடு அழிந்தது உண்மைதான், மரத்தின் பெயர்தான் தவறு. அன்று கோடரி தேடிப் போனது இமயமலையில் வளரும் இன்னொரு ஊசியிலை மரமான தேவதாருவை. அதன் கட்டையில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, எளிதில் உளுத்துப்போகாது. மருந்தேற்றாத பைன் கட்டை மண்ணில் சில வருடங்களுக்கு மேல் தாங்காது. ரசாயனப் பதப்படுத்தல் வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டில்தான் பைன் ஸ்லீப்பருக்கு உதவியது.

இன்னொன்று, 1864இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் வனத்துறை வருவதற்கு முன்பே வெட்டு தொடங்கிவிட்டது. 1850களிலேயே பிரடெரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர், இன்றைய உத்தராகண்டில் இருந்த டெஹ்ரி சமஸ்தானத்தின் அரசரிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, தேவதாரு மரங்களை பாகீரதி ஆற்றில் மிதக்கவிட்டுச் சமவெளிக்கு அனுப்பினார். சாலையே இல்லாத அந்த மலையில் ஆறுதான் வண்டி.