தரையில் கிடக்கும் தொப்பை

வீடியோ கேம் கன்சோலை மெலிசாக்கிவிட்டோம் என்று கம்பெனிக்காரர்களுக்கு என்ன பெருமை! தொப்பையைக் கழற்றித் தரையில் வைத்தால் அதற்குப் பெயர் மெலிவா? காரைக்குடி வீட்டு ஆத்தங்குடித் தரையில், நடுவழியில் கிடக்கிறது கன்சோலுக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தக் கறுப்பு அடாப்டர். பெருக்கும்போதெல்லாம் அப்பத்தா, “இதைத் தூக்கிப் போடவாடா?” என்கிறார்.

சூட்டை வெளியே வைக்கத்தான் இந்த ஏற்பாடாம். சரி, 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 எப்படி அடாப்டரை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது? அதே ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் அடாப்டருக்குள் தனியாக ஒரு ஃபேன் வேறு! உள்ளே ஒரு ஃபேன், வெளியே ஒரு ஃபேன். வெளங்கிடும்.

பிளேஸ்டேஷன் 4-க்கு வயர் போனால் பழைய டேப் ரிக்கார்டர் வயரே பொருந்தும். இந்த அடாப்டர் போனால்? செக்காலை ரோடு முழுக்க அலைந்தாலும் ஒரே பதில்: “கம்பெனியிலிருந்து வரணும் தம்பி.” எப்போது வரும்? லீவு முடிந்து நான் பஸ் ஏறிய பிறகு.