தன்னைத்தானே என்றுதான் எழுதியிருக்கிறது

எழுத வேண்டாம் என்று இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று நம்ம சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணாச்சி "பந்தியின் பரிசுத்தம் காக்கப்பட்டது, ஸ்தோத்திரம்" என்று போட்டதையும், கீழே வரிசையாகக் கும்பிடு படங்கள் விழுந்ததையும் பார்த்தபிறகு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரியும். திருவிருந்துக்கு, அதாவது ஆண்டவரை நினைத்து அப்பமும் ரசமும் வாங்குகிற பந்திக்கு, முழங்கால் போட்டிருந்த பையனைத் தோளில் தட்டி எழுப்பி அனுப்பினீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி டாஸ்மாக் வாசலில் அவனை யாரோ பார்த்தார்களாம். (பார்த்தவருக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.) ஐயர் (நம்ம சபைப் போதகர்) அப்பத்தட்டோடு வந்துகொண்டிருக்கிறார், அவனுக்கு முன்னால் இரண்டே பேர்.

அன்றைக்கு என்ன வசனம் வாசித்தோம்? "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து..." தன்னைத்தானே ஐயா. பக்கத்தில் இருக்கிறவனை இல்லை, எதிர்வீட்டுக்காரனை இல்லை. அதுவும், சோதித்தறிந்து எழுந்து போ என்று பவுல் எழுதவில்லை, புசிக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். மேசையிலிருந்து விழும் துணிக்கையைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்று கொஞ்ச நேரம் முன்னால் எல்லோருமாகச் சேர்ந்து ஜெபித்தோமே, அது அவன் ஒருத்தனுக்காக மட்டும் சொன்னதா?

ஆண்டவர் சிலுவைக்குப் போகுமுன் சீஷர்களோடு சாப்பிட்ட அந்த முதல் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடிவதற்குள் மூன்று தரம் மறுதலிக்கப்போகிற பேதுரு. தங்களில் யார் பெரியவன் என்று அந்த ராத்திரியே வாக்குவாதம் பண்ணிய மற்றவர்கள். நம்ம கமிட்டி அன்றைக்கு வாசலில் நின்றிருந்தால் ஆண்டவர் தனியாகத்தான் சாப்பிட்டிருப்பார்.

"அப்போ குடிக்கலாம் என்கிறீர்களா?" என்று ஒருத்தர் வருவார். வாங்க. குடி எங்கள் வீட்டைத் தின்ற கதையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் அப்பா குடித்தார். விட்டார், மறுபடி குடித்தார், மறுபடி விட்டார். ஒரு ஈஸ்டர் அன்று இதே மாதிரி ஒருத்தர் அவர் காதில் என்னவோ சொன்னார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அப்பா கோயிலுக்கு வந்தார், ஆனால் முன்னால் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜனங்கள் வரிசையாகப் போய்த் திரும்பும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார். அவ்வளவு நேரம் துடைக்க அந்தக் கண்ணாடியில் ஒன்றுமே இருக்காது. அவர் அடக்க ஆராதனையில், காதில் சொன்ன அதே ஆள் "நல்ல போராட்டத்தைப் போராடினார்" என்று பேசினார். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, என்னைச் சொல்கிறேன். இடத்தகராறில் கூடப்பிறந்த தம்பியோடு நாலு வருஷம் பேசாமல் இருந்துகொண்டே மாதாமாதம் திருவிருந்து எடுத்தவன் நான். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் பச்சையாக இருக்கிறது. யாரும் என் தோளில் தட்டவில்லை. பகைக்கு வாடை கிடையாது பாருங்கள். சபைத் தேர்தலுக்குக் கைமாறுகிற கவருக்கும் கிடையாது.

பாவம் செய்தவனைச் சபையைவிட்டுத் தள்ளச் சொல்கிற 1 கொரிந்தியர் 5-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் 2-ம் அதிகாரத்தையும் படித்துவிட்டு வரவும். தண்டிக்கப்பட்டவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று இருக்கும். சபைக்கு ஒழுங்கு வேண்டாமா என்றால் வேண்டும்தான். அவன் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகப் பேசியிருக்கலாம். மத்தேயு 18-ல் அந்த ஒழுங்கும் இருக்கிறது.

இது புதுச்சண்டையும் இல்லை. கி.பி. 303-ல் ரோமப் பேரரசன் தியோக்லேசியன் வேதப்புத்தகங்களை எரிக்கச் சொன்னபோது வட ஆப்பிரிக்காவில் பயந்து எடுத்துக் கொடுத்த குருமார் இருந்தார்கள். அவர்கள் கைபட்டது எதுவும் செல்லாது, நாங்கள்தான் சுத்தமான சபை என்று தோனாத்து கூட்டத்தார் பிரிந்தே போனார்கள். கோதுமையும் களையும் அறுப்புவரை ஒன்றாகத்தான் இருக்கும், பிடுங்குவது உங்கள் வேலை இல்லை என்று அந்த ஊர்ப் பக்கத்துப் பிஷப் அகுஸ்தீன் அவர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். நம்ம ஆட்களிடம் மாட்டியிருந்தால் அவரையே, இளவயதில் மனம்போனபடி வாழ்ந்த கதையைச் சொல்லி எழுப்பி அனுப்பியிருப்பார்கள்.

இவ்வளவு கோபமாக எழுதுகிறவனுக்கு எங்கே தாழ்மை என்று கேட்பீர்கள். இல்லைதான்.

நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். "இனிமே வரலண்ணே" என்றான். ஏதாவது வசனம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.