சிறந்த பார்பிக்யூ எங்கே என்ற சண்டையில் நான் எந்தக் கட்சி

அமெரிக்காவின் எந்தப் பெரிய நகரத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தச் சண்டை உண்டு. இந்த ஊரில் நல்ல பார்பிக்யூ, அதாவது விறகுப் புகையில் வாட்டிய கறி, எங்கே கிடைக்கும் என்று யாராவது ஒருவர் அப்பாவியாகக் கேட்பார், அரை மணி நேரத்துக்குள் ஆளுக்கொரு கடைப் பெயரைச் சொல்லி, அடுத்தவர் சொன்ன கடையைத் திட்டி, கடைசியில் கேட்டவர் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார். இத்தனை பேரில் ஒருவர்கூட "என்ன சாப்பிடப் போறீங்க, எத்தனை மணிக்குப் போவீங்க" என்று திருப்பிக் கேட்க மாட்டார். எனக்கு எரிச்சலே அங்கேதான். எந்தக் கறி, எந்த நேரம், இந்த இரண்டும் தெரியாமல் கடையின் பெயரைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

கான்சஸ் சிட்டியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தச் சண்டையை அந்த ஊர்க்காரர்கள் அளவுக்கு ரசித்துப் போடுகிறவர்கள் குறைவு. ஆர்தர் பிரையன்ட்ஸ் என்ற கடை ஒரு கட்சி, கேட்ஸ் என்ற கடை இன்னொரு கட்சி. தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கு. ஆனால் வேரைத் தேடிப் போனால் இரண்டும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர், மெம்ஃபிஸ் பக்கத்தில் பிறந்தவர், 1908 வாக்கில் கான்சஸ் சிட்டியின் ஒரு சந்தில் அடுப்பு வைத்து, வாட்டிய கறியைச் செய்தித்தாளில் சுற்றி விற்கத் தொடங்கினார். மாட்டுக்கறி மட்டுமில்லை, ரக்கூன் என்ற காட்டு விலங்கின் கறியைக்கூட விற்றிருக்கிறார். 1940இல் அவர் இறந்தபின் கடை அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட்டுக்குப் போனது, 1946இல் அவர் தம்பி ஆர்தருக்கு. அதே 1946இல் தொடங்கிய கேட்ஸ் கடையின் அடுப்பில் நின்ற ஆர்தர் பின்கார்டும் பெர்ரியிடம் தொழில் கற்றவர்தான். ஆக இது பங்காளிச் சண்டை. ஆனாலும் ருசி ஒன்றல்ல: பிரையன்ட்ஸ் சாஸில் வினிகரும் மிளகாய்ப்பொடியும் தூக்கலாக, நாக்கில் நறநறவென்று இருக்கும், இனிப்பை எதிர்பார்த்துப் போனவர் முகம் சுளிப்பார். எனக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும். பிடிக்காதவரோடு நான் வாதாடுவதில்லை, அது நாக்கின் விஷயம்.

இந்த ஊரில்தான் 1972இல் கால்வின் ட்ரில்லின் என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், உலகத்திலேயே சிறந்த உணவகம் ஆர்தர் பிரையன்ட்ஸ்தான் என்று எழுதினார். பாரிஸும் இல்லை, நியூயார்க்கும் இல்லை. பாதி கிண்டல், பாதி நிஜம். அவர் பிறந்த ஊர் எது என்று நினைக்கிறீர்கள்? கான்சஸ் சிட்டியேதான். அந்தக் கட்டுரையில் அவர் உருகியது முக்கியமாக பர்ன்ட் எண்ட்ஸ் பற்றி, அதாவது பிரிஸ்கெட் என்ற மாட்டு மார்புக்கறியின் கருகிய ஓரத் துண்டுகள். அப்போது அவற்றுக்கு விலையே கிடையாது. நறுக்கும்போது உதிர்வதைக் கடைக்காரர் ஓரமாகத் தள்ளி வைப்பார், வரிசையில் நிற்பவர்கள் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இன்று கடையின் விலைப்பட்டியலில் தனி வரி, பல கடைகளில் கொழுத்த துண்டைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சர்க்கரை சாஸில் புரட்டி அதே பெயரில் விற்கிறார்கள். உதிரியாக விழுவது எவ்வளவுதான் விழும், ஊரே கேட்டால் என்ன செய்வது, புரிகிறது. ஆனால் அந்த மிட்டாயை வைத்துக்கொண்டு ஒரு கடையை மற்ற கடையோடு ஒப்பிடாதீர்கள்.

சரி, சிகாகோவுக்கு வருவோம். மிசிசிப்பியிலிருந்தும் மற்ற தென் மாநிலங்களிலிருந்தும் வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் அந்நகரின் தெற்குப் பகுதியில் வளர்த்த பார்பிக்யூ தனி ரகம். அங்கே அடுப்பே வேறு. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய பெட்டி, பார்த்தால் மீன் தொட்டி மாதிரி இருப்பதால் அதன் பெயரே அக்வேரியம் ஸ்மோக்கர். கீழே விறகு எரியும், மேலே கம்பித் தட்டில் கறி, கொழுப்பு சொட்டி நெருப்பு எகிறும்போது தண்ணீர் தெளித்து அடக்குவார்கள். இரவு முழுக்கப் பக்கத்து அறையில் புகையை ஓடவிட்டுத் தூங்கப் போகிற வேலை இல்லை இது. ஆள் நகரவே முடியாது. இதில் வேகிறது பெரும்பாலும் ரிப் டிப்ஸ், அதாவது பன்றி விலாவின் அடியில் இருக்கும் குருத்தெலும்பும் கொழுப்புமான துண்டு, கூடவே ஹாட் லிங்க்ஸ் என்ற காரமான சாசேஜ். மிசிசிப்பியிலிருந்து வந்த சகோதரர்கள் 1954இல் தொடங்கிய லெம்ஸ் கடை இதற்குப் பேர் போனது. கடித்து, மென்று, எலும்பைத் துப்பிச் சாப்பிட வேண்டிய பண்டம். இதை டெக்சாஸ் பிரிஸ்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்து "மென்மை போதவில்லை" என்று மார்க் போடுகிறவரை என்ன சொல்வது! சிகாகோவில் சிறந்த பார்பிக்யூ என்று தேடினால் நகரின் மையத்தில் இருக்கும் பளபளப்பான பிரிஸ்கெட் கடைகள் முன்னால் வருகின்றன, எழுபது வருடம் எரிந்த அடுப்புகள் பின்னால் போய்விடுகின்றன. பட்டியல் போடுகிறவர் கையில் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது, அது டெக்சாஸில் செய்தது.

டெக்சாஸைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். அந்த மாநிலத்துப் பட்டியல்களுக்கு ஒரு மரியாதை உண்டு. டெக்சாஸ் மன்த்லி இதழ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறந்த 50 கடைகளை வெளியிடுகிறது, 2013இல் இதற்கென்றே முழுநேர பார்பிக்யூ ஆசிரியர் ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். அந்தப் பட்டியலின் முதலிடத்தைப் பாருங்கள்: 2008இல் லெக்ஸிங்டன் என்ற சிற்றூரின் ஸ்னோஸ், 2013இல் ஆஸ்டினின் ஃபிராங்க்ளின், 2017இல் மறுபடி ஸ்னோஸ், 2021இல் ஃபோர்ட் வொர்த்தின் கோல்டீஸ். ஸ்னோஸ் சனிக்கிழமை மட்டும் திறக்கும், அதுவும் காலை எட்டு மணிக்கு. வாரத்தில் ஒரு நாள் சமைக்கிற கடையையும் வாரம் முழுக்க இரவு பத்து மணி வரை நடக்கிற நகரத்துக் கடையையும் ஒரே தராசில் வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு நடுவர் தேவையா? 2024இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் வழிகாட்டி டெக்சாஸுக்கு வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது, மூன்று ஆஸ்டினில், ஒன்று ஹூஸ்டனை ஒட்டிய ஸ்பிரிங் என்ற ஊரில். நான்குமே இந்த நூற்றாண்டில் தொடங்கியவை. தப்பு சொல்லவில்லை, உழைக்கிறார்கள். ஆனால் லாக்ஹார்ட் என்ற டெக்சாஸ் ஊரில் 1900இலிருந்து இருக்கும் க்ரூய்ட்ஸ் மார்க்கெட் மாதிரி, சாஸும் முள்கரண்டியும் இல்லாமல் கசாப்புக் கடைத் தாளில் கறியை வைத்துக் கொடுத்த மரபு இல்லாமல் இவர்கள் யாரும் இல்லை.

இப்போது நேரத்துக்கு வருகிறேன், என் வாதத்தின் உயிர் இதுதான். பிரிஸ்கெட் என்பது மாட்டின் மார்புத் தசை. நாள் முழுக்க உடம்பின் எடையைத் தாங்குகிற தசை என்பதால் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புப் புரதம் நிறைய, முரடு. அதைச் சுமார் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் வைத்தால்தான் கொலாஜன் ஜெலட்டினாக மாறி இளகும். நடுவில் கறியின் உள்சூடு 65, 70 டிகிரியைத் தொட்டதும் மணிக்கணக்காக நகராமல் நிற்கும், மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே கறியைக் குளிரவைப்பதால். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் காய்ந்துபோகும். இதற்கு என்ன அர்த்தம்? இன்று மதியம் நீங்கள் சாப்பிடும் பிரிஸ்கெட் நேற்று மாலையோ இரவோ அடுப்பேறியது. எத்தனை துண்டு என்பது நேற்றே முடிவாகிவிட்டது. கூட்டம் வந்ததும் இன்னும் நாலு போடு என்று சொல்ல முடியாது. "தீர்ந்துவிட்டது" என்ற பலகை பல கடைகளில் வெறும் நாடகமில்லை, கணக்கு.

அப்புறம் மீதியை என்ன செய்வது என்பதில்தான் நகரத்துக் கடைகளின் குட்டு உடையும். அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, ஈரம் போகாமல், வெட்டாமல் முழுசாக வைத்திருந்தால் பிரிஸ்கெட் பல மணி நேரம் நன்றாகவே இருக்கும், சொல்லப்போனால் இன்னும் இளகும். நல்ல கடைகள் இதை வேண்டுமென்றே செய்கின்றன. ஆனால் முன்கூட்டியே துண்டு போட்டுத் தட்டில் வைத்துவிட்டால் பத்தே நிமிடத்தில் ஓரம் கறுத்து உலர ஆரம்பிக்கும். நேற்றைய மிச்சத்தைச் சாஸ் ஊற்றிச் சூடாக்கி இரவு எட்டரை மணிக்குத் தருகிற கடைகளும் இருக்கின்றன; பட்டியலில் மேலே இருந்த ஒரு கடையில் எனக்கு அப்படித்தான் வந்தது, பெயர் வேண்டாம். அதே கடையில் மதியம் சாப்பிட்டவர் சொர்க்கம் என்று எழுதியிருந்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ரிப்ஸ், அதாவது விலா எலும்புக்கறி, அப்படியில்லை. ஐந்தாறு மணி நேரத்தில் வெந்துவிடும் என்பதால் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு முறை போடலாம். கோழிக்கு அதைவிடக் குறைவு. அதனால் என் வழக்கம் எளிது: மதியம் போனால் பிரிஸ்கெட், இரவு போக நேர்ந்தால் ரிப்ஸ் அல்லது கோழி. இதை ஒரு தடவை செய்து பாருங்கள், பிடிக்காத கடையே பிடித்துப் போகலாம்.

படம் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துண்டின் ஓரத்தில் தெரியும் அந்த இளஞ்சிவப்பு வளையம் இருக்கிறதே, அதற்கு ருசி கிடையாது. புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து நிறத்தைப் பிடித்து நிறுத்துகின்றன, அவ்வளவுதான். அடர்ந்த வளையத்தோடு சப்பென்ற கறியும் உண்டு. ருசி இருப்பது வெளியே இருக்கும் கருப்புப் பொருக்கில், கொழுப்பு எந்த அளவுக்கு உருகியிருக்கிறது என்பதில், விறகு சுத்தமாக எரிந்ததா இல்லையா என்பதில். வெள்ளைப் புகை குப்பென்று வந்துகொண்டிருந்தால் கறி கசக்கும், நாக்கு லேசாக மரத்துப்போகும். மெல்லிய, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப் புகைதான் நல்லது.

விறகு என்றதும் இன்னொரு கூட்டம் வந்துவிடும்: கேஸ் பர்னர் வைத்த இயந்திர அடுப்பா, அது பார்பிக்யூவே இல்லை என்று. எனக்கும் முழு விறகில் வெந்ததுதான் பிடிக்கும், ஒளிக்கவில்லை. ஆனால் நகரத்தின் நடுவில், மேலே குடித்தனம் இருக்கிற கட்டடத்தில் ராத்திரி முழுக்கக் கட்டை எரிக்க யார் விடுவார்கள்? ஆஸ்டினிலேயே, ஃபிராங்க்ளின் இருக்கிற ஊரிலேயே, 2015இல் குடியிருப்புகளை ஒட்டிய கடைகளின் புகையைக் கட்டுப்படுத்த நகர மன்றத்தில் ஒரு முன்மொழிவு வந்து பெரிய சச்சரவானது. கேஸ் சூட்டைப் பிடித்துக்கொள்ள, கூட ரெண்டு ஹிக்கரி மரக் கட்டை புகைக்காகப் போட்டு நேர்மையாகச் சமைப்பவரை, விறகு வைத்திருந்தும் கவனமில்லாமல் கசக்கவைக்கிறவரைவிட நான் மேலே வைப்பேன்.

போட்டியில் பரிசு வாங்கிய கடை என்ற பலகைக்கும் மயங்க வேண்டாம். 1985இல் தொடங்கிய கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் விதிப்படி, யார் சமைத்தது என்று தெரியாமல் பெட்டியில் வரும் கறியை மேசைக்கு ஆறு நடுவர்கள் தோற்றம், ருசி, மென்மை பார்த்து மதிப்பிடுகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நடுவர் ஒவ்வொன்றிலும் ஓரிரு கடிதான் கடிப்பார். அந்த ஒரு கடியில் ஜெயிக்க வேண்டுமென்றால் இனிப்பு, உப்பு, காரம் எல்லாம் உச்சத்தில் இருக்க வேண்டும். அதையே ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டால் பாதியில் திகட்டும். கோப்பை சமையல்காரரின் கைத்திறனுக்குச் சான்று, உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு இல்லை.

வரிசை நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் நின்றவருக்கு எது கொடுத்தாலும் ருசிக்கும், நின்ற நேரத்துக்காகவாவது ருசித்துத் தீர வேண்டும் அவருக்கு.

யாராவது உங்களிடம் கடை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள், நானும் இப்படித்தான் சொல்வேன்: புளிப்பும் காரமும் வேண்டும் என்றால் கான்சஸ் சிட்டியில் பிரையன்ட்ஸ், வெட்டிய மாட்டுக்கறி சாண்ட்விச். மென்று சாப்பிடும் பொறுமை இருந்தால் சிகாகோவின் தெற்கே போய் ரிப் டிப்ஸும் ஹாட் லிங்க்ஸும் சேர்த்து. பிரிஸ்கெட்டுக்காகவே உயிர் வாழ்கிறவர் என்றால் மத்திய டெக்சாஸ், காலையிலேயே, கொழுப்புள்ள பகுதியைக் கேட்டு, உங்கள் கண்முன் வெட்டச் சொல்லி. முழுப் பன்றி வேண்டுமென்றால் கிழக்கு வட கரோலினா, அங்கே வினிகரும் மிளகாயும்தான் சாஸ், தக்காளியைத் தேடாதீர்கள். இதில் எது சிறந்தது என்று மறுபடியும் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். கீழே கருத்துப் பகுதியில் சண்டை போட வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள், கடைப் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். என்ன கறி, எத்தனை மணிக்கு, அதையும் எழுதுங்கள், அப்புறம் வாதாடலாம்.